லவ்வுக்கு எதுகை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஐயா, பத்து நிமிஷம் பேசுங்க. பழைய கதை சொல்லுங்க, அறிவுரை மட்டும் வேண்டாங்க" என்றார். தலைப்பு என்ன என்று கேட்டார். "லவ்" என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "ஐயா, எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க..." என்று இழுத்தார். பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது அந்தச் சொல்லைப் பற்றி மட்டும்தான். அந்தச் சொல்லால் நான் ஒரு முறை அழுதிருக்கிறேன், ஒருவரை அழவும் வைத்திருக்கிறேன். இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1974ஆம் ஆண்டு. பி.யூ.சி. வகுப்பு. நான் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். பத்தாம் வகுப்பு தாண்டியும் தமிழிலேயே படித்தவனுக்கு, திடீரென்று எல்லாப் பாடமும் ஆங்கிலம். ஒரு நாள் ஆங்கில ஆசிரியர் 'ரைம்' என்றால் என்ன என்று விளக்கினார். வரியின் கடைசியில் ஒரே மாதிரி ஓசை வருவது ரைம். விளக்கிவிட்டு, "லவ் என்ற சொல்லுக்கு ஒரு ரைம் சொல்லு" என்று என்னை எழுப்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். கரும்பலகையில் அந்தச் சொல் நாலு எழுத்தில் இருக்கிறது. கடைசி மூன்றும் ஓ, வி, ஈ. அதே மூன்று எழுத்தில் முடிகிற சொல் ஒன்று எனக்குத் தெரியும். "மூவ், சார்!" என்றேன்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். "ஏர் ஓட்டற காதுக்கு இதெல்லாம் கேக்காதுப்பா, உட்காரு" என்றார். அவர் மறுநாளே மறந்திருப்பார். நான் அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் தமிழ் ஐயா. விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏண்டா, பட்டுக்குப் பாட்டு எதுகையாகுமா?" என்றார்.

"ஆகாதுங்கய்யா. ஒண்ணு குறிலு, ஒண்ணு நெடிலு."

"அப்புறம் லவ்வுக்கு மூவ் எப்படிடா வரும்? அது குறில், இது நெடில். உனக்குத் தெரியாத விஷயமா இது? நீ கண்ணால பாத்துட்ட, காதால கேக்கல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! எனக்கு அன்றைக்குத் தலையில் விளக்கு எரிந்தது. ஆங்கிலம் தெரியாததால் நான் தோற்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் இலக்கணத்தை அந்த வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனதால் தோற்றேன்.

தம்பி தங்கைகளே, கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பழக்க தோஷம். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் அழுத்தம் விழும் உயிரோசையும் அதற்குப் பின்னால் வருவதும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள மெய் வேறாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் லவ்வுக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் சொற்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். டவ் என்றால் புறா. க்ளவ் என்றால் கையுறை. அபவ் என்றால் மேலே. ஷவ் என்றால் தள்ளு. பாவம் ஆங்கிலக் கவிஞன்! காதலிக்கு அவன் கொடுக்க முடிந்தது ஒரு புறா, ஒரு கையுறை, மேலே கொஞ்சம் வானம்; அதுவும் சரிப்படவில்லையென்றால் ஒரு தள்ளு. அவர்கள் பாட்டில் காதலி அடிக்கடி வானத்துக்குப் போய்விடுவதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல, சொற்பஞ்சமும் காரணம்.

நம் காதலுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். மாதர், பாதை, போதை, தூது, வேதனை, சோதனை என்று வரிசையாக வந்து நிற்கும். (வரிசையே ஒரு கதை சொல்கிறது, கவனித்தீர்களா?) வரியின் கடைசியில் ஒத்து வருவதற்கு நம்மிடம் இயைபு என்று தனிப் பெயர் உண்டு. சாதல், மோதல், ஓதல் என்று அதுவும் கொட்டிக் கிடக்கிறது. விகுதி ஒன்றாக இருந்தால் கடைசி தானே ஒத்துப்போகும். அது சுலபம் என்பதால்தானோ என்னவோ, நம்மவர்கள் வாலை விட்டுவிட்டுத் தலையில் வேலையைக் காட்டினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கரை மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தியபோது, தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்தது இவர் எழுதிய பாட்டு. கத்திக்கு எதுகையாக ரத்தத்தை வைத்தார். கையில் புத்தகம் இல்லாமல் வெயிலில் நடந்தவர்களுக்கு அந்த எதுகைதான் நினைவைப் பிடித்துக்கொடுக்கும் கயிறு.

சினிமாப் பாட்டிலும் இதே சங்கதிதான். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவை ஏற்காடு சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கவிஞர் மருதகாசி திரைக்கு வந்ததே அந்த நிறுவனத்தின் 'மாயாவதி' (1949) படத்தில்தான். மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவருக்கு முதலில் கிடைப்பது சொல் அல்ல, 'தன', 'தான' என்ற தத்தகாரம். தன என்ற இடத்தில் நெடிலைப் போட்டால் பாட்டு நொண்டும். குறிலா நெடிலா என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வி.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் என்பவர் சொற்களைக் கடைசி எழுத்து வரிசையில் அடுக்கி ரைமுக்கு உதவும் அகராதி வெளியிட்டது 1775இல். நம் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதன் பதினோராம் தொகுதி, ககர எதுகை முதலாக, எதுகை வரிசையில் அமைந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஏர் ஓட்டுகிறவர் பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள்.

ஏர் என்றதும் என் அம்மா ஞாபகம் வருகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, "படிக்கப் போற எடத்துல லவ்வு கிவ்வுன்னு திரியாத சாமி" என்றார். லவ்வுக்கு அவர் வைத்த எதுகை கிவ்வு! பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அம்மா முன்கூட்டியே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாமும் இப்படித்தான் பேசுகிறோம். புத்தகம் கித்தகம் என்போம்; காப்பி கீப்பி என்போம். யாராவது காப்பி கிப்பி என்று சொல்லிக் கேட்டதுண்டா? முதலெழுத்து குறிலென்றால் 'கி', நெடிலென்றால் 'கீ'. யாரும் சொல்லித்தராமலே நம் வாய் அளவு தப்பாமல் எதுகை கட்டுகிறது. ஆடு மாடு, காடு மேடு, ஆட்டம் பாட்டம், அக்கம் பக்கம் எல்லாம் எதுகைதான். ஏர் ஓட்டுகிற காதுக்கு நன்றாகவே கேட்கும்.

பின்னால் ஆங்கில இலக்கியம் படித்தபோது இன்னொரு உண்மையும் தெரிந்தது. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியர் சானெட்டுகளில் 116ஆவது, ப்ரூவ்ட், லவ்ட் என்ற இரண்டு சொற்களை ரைமாக வைத்து முடிகிறது. அந்தக் காலத்தில் இவை காதுக்கு ஒத்தே ஒலித்திருக்கலாம் என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஓசை மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. ஆக, பி.யூ.சி. பையன் அன்று உளறியது ஷேக்ஸ்பியரின் கூட்டாளியாக நின்று உளறிய உளறல்!

இத்தோடு முடித்தால் கதையில் நான் ஜெயித்தவனாகிவிடுவேன். அது முழு உண்மையல்ல.

நானே இதே கல்லூரியில் ஆங்கில ஆசிரியனாகி, 1993இல் இறுதியாண்டு வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். அதே ரைம், அதே லவ். நாமக்கல் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் அதிகம் பேசாதவள், எழுந்து "அவ், சார்" என்றாள். ஓ, எஃப் என்று இரண்டே எழுத்தில் எழுதுகிற அந்தச் சின்னச் சொல்லைச் சொல்கிறாள். நான், "என்னம்மா, ஸ்பெல்லிங்கைப் பாரு. எஃப் எங்கே, வி எங்கே?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "டேப்ல பாட்டுல அப்படித்தான் சார் கேட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "பாட்டைக் கேட்டு பரீட்சை எழுத முடியாதும்மா" என்று உட்காரவைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதன் பிறகு அவள் வகுப்பில் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஓர் அமெரிக்க அகராதியைப் புரட்டினேன். அமெரிக்க உச்சரிப்பில் அந்தச் சொல் 'அவ்'தான். லவ்வுக்குச் சரியான ரைம். அவள் காதால் கேட்டுச் சொன்னாள். ஆசிரியன் நான் கண்ணால் பார்த்துச் சிரித்தேன். எனக்கு 1974இல் நடந்தது என்னவோ, அதையே பத்தொன்பது வருஷம் கழித்து நான் செய்தேன். அதுவும் சரியான விடை சொன்ன பிள்ளைக்கு. அகராதியைப் பார்த்தபோது அவள் படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தாள்.

இன்றைக்கு லவ் என்று செல்போனில் தட்டினால் ஒரு நொடியில் ரைம் பட்டியல் வந்துவிடுகிறது. நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் பட்டியலைப் படித்ததும் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் காது பழைய காது. தொல்காப்பியம் எதுகைக்கு இலக்கணம் சொன்ன காலத்திலிருந்து பழகிய காது. இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை விசித்திரமான விடை சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் "எங்கம்மா கேட்ட?" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

அந்த 1993ஆம் வருஷத்துப் பெண் இந்த அரங்கில் இருக்கிறாரோ இல்லையோ, மலரிலாவது படிப்பார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். அம்மா, நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு. உங்களுக்கு ஒரு மதிப்பெண் நான் பாக்கி.