அரை மாத்திரையின் அருமை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. ஒலியியல் பேசுவது சிறிது புதுமை. எனினும் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பிறந்த மண்ணில் இருப்போர்க்குத் தமிழ் கண்ணுக்கும் காட்சி தருகிறது. கடைப் பலகையில், பேருந்தின் நெற்றியில், பள்ளிப் புத்தகத்தில் எங்கும் தமிழெழுத்து நிற்கிறது. திருவனந்தபுரத்தில் வாழும் நம் குழந்தைகளுக்கோ, தமிழ் பெரும்பாலும் செவிவழிச் செல்வமாகவே வந்து சேர்கிறது. வீட்டுப் பேச்சு, பாட்டியின் கதை, இச்சங்கத்தின் மேடை ஆகியவையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஆகவே செவி எவ்வாறு கேட்கிறது, அதற்கு அரங்கும் ஒலிபெருக்கியும் எவ்வாறு துணை செய்கின்றன, எவ்வாறு தடை செய்கின்றன என்பவற்றை அறிவது நம் கடமையாகிறது.

நம் இலக்கண நூலார் ஒலியை அளந்தவர்கள். எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் மாத்திரை எனக் கொண்டு, நெடிலுக்கு இரண்டும், குறிலுக்கு ஒன்றும், மெய்க்கு அரையும் அளவாகக் கூறினார். இந்த அரை மாத்திரையே இன்று என் பேச்சின் பொருள்.

மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. நம் பேச்சில் உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் தங்கியிருக்கிறது. மெய்யொலிகள் பல மெலிந்தவை. குறுகிய நேரமே நிற்பவை. அவற்றின் அடையாளம் உயர்ந்த அதிர்வுகளில் அமைந்தது. ஒரு குரல் உரக்கக் கேட்பது உயிரால். தெளிவாக விளங்குவது மெய்யால். வலி என்றாரா, வளி என்றாரா, வழி என்றாரா என்பதை முடிவு செய்வது அந்த அரை மாத்திரைதான். அது போனால் ஓசை இருக்கும், சொல் இராது.

இனி, அந்த அரை மாத்திரைக்கு அரங்கிலே நேரும் இடரைப் பார்ப்போம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பேசுவோர் வாயினின்று புறப்பட்ட ஒலி நேரே நம் செவிக்கு வருவதோடு நில்லாமல், சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதி மோதி மீண்டும் மீண்டும் வருகிறது. வழவழப்பான சுவரும் வெறுந்தரையும் உள்ள பெரிய மண்டபத்தில் இந்த முழக்கம் பல விநாடிகள் ஓயாது. இயல்பான பேச்சில் ஒரு விநாடிக்கு நான்கைந்து அசைகள் ஒலிக்கின்றன. முன்னே சொன்ன நெடிலின் முழக்கம் அடங்குமுன் பின்னே வரும் மெய் பிறந்துவிடுகிறது. பிறந்த இடத்திலேயே அமிழ்ந்தும் விடுகிறது.

இதனை அளந்து கண்ட பெருமை அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரைச் சாரும். 1895-ஆம் ஆண்டில் அங்கே புதிதாகக் கட்டப்பட்ட ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் இல்லாத அம்மண்டபத்தில் ஓர் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. சபைன் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து, ஒவ்வொரு தொகுதியாக வைத்து, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மண்டபத்தின் கன அளவு மிக மிக முழக்கம் நீளும்; ஒலியை உட்கொள்ளும் பொருள் மிக மிக அது குறுகும் என்ற விதி இவ்வாறு பிறந்தது. மெத்தையைப் போலவே மனிதரும் ஒலியை உட்கொள்கின்றனர் என்பதையும் அவர் அளந்தார். ஆளில்லாத மண்டபம் முழங்குவதும், நிறைந்த மண்டபம் அடங்குவதும் இதனாலேயே. பேச்சுக்குரிய அரங்கில் முழக்கம் ஒரு விநாடிக்குள் அடங்குவது நலம். இசையரங்கில் இரண்டு விநாடி வரை இருந்தால் இனிமை.

இந்நகரத்திலேயே இதற்கு ஓர் அழகிய சான்று இருக்கிறது. பத்மதீர்த்தக் கரையில் குதிரைமாளிகையை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துக் கலைமகள், வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஊர்வலமாக இங்கு வருகின்றன. அக்கலைமகள் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழிச் செய்தி. 1956-இல் எல்லை பிரிந்து அவ்வூர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த பின்னும், இவ்வூர்வலம் எல்லையைக் கடந்து வருகிறது. கலைமகளின் முன்னே ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் மன்னர் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக, சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் நிறைவுறும். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவர்க்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தமிழகத்தினின்று வந்து, 1939-இல் தோன்றிய இவ்வூர் இசைக் கல்லூரியின் தலைமையை ஏற்று, அம்மன்னரின் பாடல்களைப் பரப்பிய வரலாறும் நமக்கு உரிய பெருமையாகும். நெடுங்காலம் ஆடவரே பாடிய அம்மண்டபத்தில் 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் முதற்பெண்ணாகப் பாடினார்.

அம்மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்துத் தொங்கவிடப்பட்ட மண்பானைகளைக் காணலாம். முழக்கத்தை அடக்கவே அவை தொங்கவிடப்பட்டன என்பர். வாய் திறந்த பானை ஒவ்வொன்றும் தன் வயிற்றின் அளவுக்கும் வாயின் அளவுக்கும் ஏற்ற ஓர் அதிர்வுக்கு இசைந்து, அந்த அதிர்வின் ஆற்றலைக் கவர்ந்துகொள்ளும். வளைந்த புறமோ வந்த ஒலியைப் பல திசையிலும் சிதறடிக்கும். இத்தகைய கலங்களின் இயல்பை 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அந்த மண்டபத்தில் கைதட்டும் வழக்கமும் இல்லை. அமைதி அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி. நல்லரங்கு என்பது கட்டடத்தால் பாதி, கேட்போர் ஒழுக்கத்தால் பாதி என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

கருவி இல்லாத காலத்தில் செவியே கருவியாக இருந்தது. அதன் நுட்பத்துக்கு மிருதங்கம் சான்று. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இணங்காதவை; அடிப்படை அதிர்வைப் போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று முரண்பட்டு எழும். அதனால் சாதாரணப் பறையில் சுருதி துலங்குவதில்லை. நம் தொழிலாளரோ வலந்தலையின் நடுவில் கற்பொடியும் சோறும் பிசைந்து, அடுக்கடுக்காக அப்பித் தேய்த்துக் கரணை இட்டனர். திருச்சிராப்பள்ளி தந்த மேதை சர். சி. வி. இராமன் இதனை 1920-இலும் 1934-இலும் ஆராய்ந்து எழுதினார். கரணையின் பாரத்தால் தோலின் அதிர்வுகள் இடம் மாறி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற இசைவான மடங்குகளில் அமைந்துவிடுகின்றன என்று கண்டார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோலங்களைக் கொண்டு இதனை விளக்கினார். கணக்கு அறியாத கைகள் தலைமுறை தலைமுறையாகச் செவியைக் கேட்டுக் கேட்டுச் செய்த வேலையை, அறிவியல் பின்னே வந்து மெய்ப்பித்தது.

அன்பர்களே! செவி என்று நாம் சொல்வது உண்மையில் செவியும் உள்ளமும் சேர்ந்த ஒன்று. பழைய தொலைபேசிக் கம்பி விநாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே கொண்டு சென்றது. ஆண்மகன் குரலின் அடிப்படை அதிர்வோ 100, 120 அளவினது. அது கம்பியில் வரவே இல்லை. ஆயினும் தொலைபேசியில் தந்தையின் குரல் தந்தையின் குரலாகவே கேட்டது! எஞ்சிய மேல் அதிர்வுகளின் இடைவெளியைக் கொண்டு, வாராத அடிப்படையை உள்ளமே இட்டு நிரப்பிக்கொண்டது. கூட்டத்தின் இரைச்சலில் நமக்கு வேண்டிய ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் திறனைக் காலின் செர்ரி என்பார் 1953-இல் ஆராய்ந்தார். பேசுவோரின் உதட்டசைவும் நாம் கேட்கும் ஒலியை மாற்றவல்லது என்று 1976-இல் கண்டனர்.

செவியின் இயல்புகளில் நமக்கு மிகவும் வேண்டியது ஒன்றுண்டு: வலிய ஒலி மெலிய ஒலியை மறைக்கும். மறைந்த ஒலியை நீக்கிவிட்டாலும் செவி அறியாது என்ற உண்மையைப் பயன்படுத்தியே, ஜெர்மனியில் பிராண்டன்பர்க் முதலியோர் எம்.பி.3 என்னும் முறையை வகுத்துப் பாட்டின் கொள்ளளவைப் பெரிதும் சுருக்கினர். மறைப்பதில் தாழ்ந்த ஒலி வல்லது. உயர்ந்த ஒலி எளிதில் மறைவது. ஓசை மிக மிக இந்த மறைப்பும் மிகுகிறது.

இப்போது நம் விழா மேடைக்கு வருவோம். பின்வரிசையில் ஒருவர் "விளங்கவில்லை" என்று கையசைக்கிறார். உடனே ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டுகிறோம். நேரே செல்லும் குரல் கூடும்போது சுவரில் மோதி வரும் முழக்கமும் அதே அளவு கூடுகிறது. கூடவே தாழ்ந்த அதிர்வுகளின் மறைப்பும் பெருகுகிறது. அவர்க்கு வேண்டியதோ அரை மாத்திரை. நாம் கொடுத்ததோ ஆயிரம் முழக்கம்.

இதனால் முதலில் இழப்போர் முதியோர். வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் ஆற்றலே முதலில் குறைகிறது. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று அவர்கள் சொல்வது நோயின் துல்லியமான விளக்கம். அவர்களைச் செவிடர் என்று ஒதுக்குவது அறமன்று. 1997-இல் தொடங்கி, இவ்வூர் ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு-செவி நிறுவனத்தைப் போன்ற இடங்களில் செவியைச் சோதித்து வேண்டிய கருவி பெறலாம்.

அடுத்து இழப்போர் குழந்தைகள். பிறந்த குழந்தைக்கு உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பலவும் கேட்கும். ஓராண்டு நிறைவதற்குள் தன்னைச் சூழ்ந்து ஒலிக்கும் மொழியின் வேறுபாடுகளிலேயே அதன் செவி கூர்மை பெறுகிறது என்று 1984-இல் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். நமக்கு இங்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. நாம் வாழும் நாட்டின் மொழியாகிய மலையாளமும் ழகரத்தையும் ளகரத்தையும் றகரத்தையும் காத்து வருகிறது. நாஞ்சில் நாட்டு முதியோர் பேச்சில் ரகர றகர வேறுபாடு இன்னும் உயிரோடிருக்கிறது. அவர்களை மேடையில் அமர்த்தி, அவர்கள் சொல்வது பிள்ளைகள் காதில் பிசகின்றி விழச் செய்தால் அதுவே பெருந்தொண்டு.

செய்யத்தக்கவை எளியவை. மண்டபத்தின் பின்சுவரில் கனத்த திரைகளைத் தொங்கவிடுக. மேடையில் விரிப்பு இடுக. பேசுவோர் ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவுக்குள் வைத்துக்கொள்க. அருகில் பேசினால் குரல் மிகும், முழக்கம் மிகாது. தாழ்ந்த அதிர்வுகளைச் சிறிது குறைத்து வைக்க. முன்னே இரண்டு பேரொலிபெருக்கிகளை அலறவிடுவதினும், சிறிய பலவற்றைக் கேட்போர் அருகில் மெல்ல ஒலிக்கச் செய்வது நலம். ஹாஸ் என்னும் அறிஞர் 1949-இல் கண்டவாறு, சிறிது பிந்தி வரும் ஒலியை உள்ளம் முந்தி வந்த ஒலியோடு இணைத்துக்கொள்ளும். ஆகவே பின்னுள்ள பெருக்கிகளைத் தக்க அளவு தாமதித்து ஒலிக்கச் செய்தால், குரல் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கட்டியிருப்பதையும் நினைவில் வைப்போமாக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தொலைபேசியை ஆராய்ந்த பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள், ஒருவர் அசைகளைச் சொல்ல, மறுமுனையில் உள்ளோர் கேட்டவாறு எழுத, எத்தனை சரி என்று எண்ணியே கருவியின் தரத்தை அறிந்தனர். நாமும் அதைச் செய்யலாம். அடுத்த ஆண்டு விழாவுக்கு முதல்நாள், ஒரு முதியவர் மேடையில் நின்று வலி, வளி, வழி. கலை, களை, கழை. மரம், மறம் என்று நாற்பது, ஐம்பது சொற்களை முன்பின்னாகக் கலந்து படிக்கட்டும். நம் பிள்ளைகள் மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் அமர்ந்து கேட்டதை எழுதட்டும். எந்த மூலையில் பிழை மிகுதியோ அந்த மூலைக்குத் திரையும் பெருக்கியும் திருத்தி அமைப்போம். செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலுமே. மண்டபமும் திருந்தும், பிள்ளைகள் செவியும் திருந்தும், தமிழின் அரை மாத்திரையும் பிழைக்கும்.