பந்து மைதானத்தில், பேருந்து பணிமனையில்

2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை, ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்த செய்தி பரவியதும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் ஒவ்வொன்றாகப் பணிமனைக்குள் நுழையத் தொடங்கின. பல ஊர்களில் பயணிகள் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார்கள். வேலைநிறுத்தம் 11ஆம் தேதிவரை நீடித்தது. அந்த வாரத்தின் நடுவில், 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியும் டெல்லி டைனமோஸ் அணியும் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில் மோதின. ஆட்டம் குறித்த நாளில் நடந்தது. பேருந்து ஓடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் ரசிகர். அவர் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் வேலைநிறுத்தத்தின் மேல் கல் எறியப்படுகிறது.

கல் எறிபவர்களின் வாதம் எளிது. ரசிகர் ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டார். ஆட்டம் ஒரே ஒரு முறைதான் நடக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஆகவே ஓட்டுநரும் கண்டக்டரும் அவருக்குத் துரோகம் செய்துவிட்டார்கள். கொற்கையில் கூடியிருக்கும் இந்த அவை அந்த வாதத்தை அப்படியே விழுங்கப் போவதில்லை. ஆனால் ரசிகரின் இழப்பு பொய் என்றும் இந்த அவை சொல்லிவிடக் கூடாது. இழப்பு உண்மை. பில் யார் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதே வழக்கு.

போக்குவரத்துத் தொழிலாளரின் ஊதியம் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போட்டு நிர்ணயிக்கப்பட்டுவந்தது. பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் 31 அன்று காலாவதியானது. பதின்மூன்றாவது அடுத்த நாளே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. 2017 மே மாதத்தில் இரண்டு நாள் பேருந்து நின்றது, அப்போதும் கையெழுத்தாகவில்லை. பதினாறு மாதம் கழித்துத்தான் 2018 ஜனவரி வந்தது. சங்கங்கள் கேட்டது அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்கும் கணக்கு. அரசு ஊழியருக்குக் கொடுத்த அதே கணக்கு. அரசு தர முன்வந்தது 2.44. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த இந்தச் சிறு வித்தியாசத்துக்காகவா ஊரே நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. வித்தியாசம் அவ்வளவு சிறியது என்றால் அதைக் கொடுத்துவிட்டுப் பேருந்தை ஓட்டியிருக்கலாமே என்று அவர்களைத் திருப்பிக் கேட்டவர் அன்றைக்குக் குறைவு.

ஊதியம் மட்டும் அல்ல. பணி ஓய்வு பெற்றவர்களின் நிலுவை தீரவில்லை. தொழிலாளரின் சம்பளத்தில் பிடித்த சேமநல நிதியும் காப்பீட்டுத் தவணையும் சேர வேண்டிய இடத்தில் சேராமல் போக்குவரத்துக் கழகங்களின் அன்றாடச் செலவுக்குப் போய்விட்டது என்பது சங்கங்களின் குற்றச்சாட்டு. டீசலுக்குக் காசு இல்லாதபோது தொழிலாளியின் பணத்தில் வண்டி ஓடியது என்று இதற்குப் பொருள். அப்படியானால் அத்தனை மாதமும் ரசிகரை ஆட்டத்துக்கு ஏற்றிச் சென்றவர் யார்?

சென்னை உயர் நீதிமன்றம் ஜனவரி 5ஆம் தேதியே பணிக்குத் திரும்பச் சொன்னது. 11ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபன் நடுவராக நியமிக்கப்பட்ட பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது. நடுவரை டிசம்பரிலேயே நியமித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்பதற்கு எந்தத் தரப்பிலும் பதில் இல்லை. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஜனவரி 20 முதல் பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. டவுன் பஸ்ஸில் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. பயணி அவதிப்படுகிறாரே என்று கண்ணீர் விட்டவர்கள், வண்டி ஓடத் தொடங்கி ஒன்பதாம் நாள் பயணியின் சட்டைப் பையிலேயே கை விட்டார்கள்.

கட்சிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2018இல் ஆளுங்கட்சி அ.தி.மு.க.; வேலைநிறுத்தத்தின் முன்வரிசையில் தி.மு.க.வின் தொழிலாளர் முன்னேற்ற சங்கம் (தொ.மு.ச.) நின்றது, அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை வண்டியை ஓட்டியது. 2024 ஜனவரி 9இல் மீண்டும் வேலைநிறுத்தம். இப்போது ஆளுங்கட்சி தி.மு.க.; அண்ணா தொழிற்சங்கப் பேரவை வெளியே நின்றது, தொ.மு.ச. வண்டியை ஓட்டியது. கோரிக்கைகளின் பட்டியலோ ஏறக்குறைய அதேதான்: காலாவதியான ஒப்பந்தம், ஓய்வூதியர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன அகவிலைப்படி. இரண்டு முறையும் இடம் மாறாமல் நின்றவர்கள் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. போன்ற சில சங்கங்களும், பேருந்து நிறுத்தத்தில் நின்ற பயணியும்தான்.

இனி வரைபடத்தைப் பார்க்கலாம். வேலைநிறுத்தம் எல்லா ரசிகரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. சொந்தக் கார் உள்ளவரை அது தொடவே இல்லை. சென்னைக்குள் இருப்பவருக்கு மின்சார ரயில் ஓடியது. பூங்கா நிலையத்தில் இறங்கி நடந்தால் நேரு விளையாட்டரங்கம். மெட்ரோ அப்போது நேரு பூங்காவரைதான். சென்ட்ரலுக்கு அது 2018 மே மாதத்தில்தான் வந்தது. இடைஞ்சல் இருந்தாலும் சென்னைக்காரருக்கு வழி இருந்தது. தூத்துக்குடிக்காரருக்கு? அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு ஏழரை மணி வாக்கில் எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். ஆட்டம் ஐந்தரைக்குத் தொடங்கினாலும் எட்டுக்குத் தொடங்கினாலும் கடைசி விசில்வரை உட்கார்ந்தவருக்கு அந்த ரயில் கிடையாது. மிஞ்சுவது விரைவுப் பேருந்து. அதுவும் நின்றால் ஆம்னி பஸ். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஆம்னி பஸ்ஸின் கட்டணம் எந்த உயரத்தில் இருக்கும் என்று இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை.

கொற்கைக்காரரின் நிலை அதைவிடக் கீழே. பாண்டியரின் துறைமுகமாக இருந்து, முத்துக்கு உலகம் தேடி வந்த ஊர். கடல் விலகிப்போய் இன்று தாமிரபரணிக் கரையோரத்துச் சிற்றூர். ஏரலுக்கோ முக்காணிக்கோ போய்த்தான் வெளியுலகைப் பிடிக்க வேண்டும். தூத்துக்குடி தருவை மைதானத்தில் மாலை ஆட்டம் பார்க்கப் போகும் பையன், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் கோலைப் பார்ப்பதா கடைசி வண்டியைப் பிடிப்பதா என்று கணக்குப் போட வேண்டும். வேலைநிறுத்தம் இல்லாத நாளிலும் இதே கணக்குதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலம் அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பாதை அரிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் 2024 ஜனவரி வேலைநிறுத்தம். ஒரே வழியை நம்பி ஒரு வட்டாரத்தை வைத்திருந்தால், அந்த வழியை ஆறு உடைத்தாலும் தொழிலாளி நிறுத்தினாலும் விளைவு ஒன்றே. வேலைநிறுத்தம் அந்த ஏழ்மையை உண்டாக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஊருக்கெல்லாம் காட்டியது.

அவையோரே, கால்பந்து ரசிகருக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உள்ள உறவு பகையுறவு அல்ல. அதை அறிய இந்த மாவட்டத்தின் வரலாறே போதும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. கிடைத்தவற்றில் கூலி உயர்வு ஒன்று. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானபோது நகரம் மறுபடி நின்றது: ஆலைத் தொழிலாளர், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், நாவிதர், கசாப்புக்காரர், அவர்களோடு ஜட்கா வண்டிக்காரர்கள். ஜட்கா அன்றைய ஊரின் பொதுப் போக்குவரத்து. தூத்துக்குடித் தெருக்களில் வாடகை வண்டி ஓடாத அந்த நாளைப் பயணிகளுக்கு எதிரான குற்றம் என்று இன்றைக்கு எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை. நாட்டின் தொடக்ககால அரசியல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாகப் பெருமையோடு எழுதுகிறது. நூறு ஆண்டு ஆகிவிட்டால் வேலைநிறுத்தத்துக்கு மாலை போடலாம், நேற்று நடந்தால் வழக்குப் போட வேண்டும் என்பது விசித்திரமான மரியாதை.

ஞாயிறு விடுமுறையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 2018 ஜனவரி 7 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆட்டத்துக்கு ஆள் சேர வேண்டுமானால் ஞாயிறன்று ஆலை மூடியிருக்க வேண்டும். அந்த மூடல் முதலாளி மனம் உவந்து தந்த கொடை அல்ல. கால்பந்தின் தாயகத்திலும் கதை இதுதான். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் பாதி நாள் கிடைத்தது. பல்லாண்டு கிளர்ச்சியின் பலன் அது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்ற ஆங்கில வழக்கம் அந்த அரை நாள் ஓய்வின் மேல் எழுந்தது. பார்வையாளர் கூட்டம் என்ற ஒன்றையே தொழிலாளர் போராட்டம்தான் பெற்றெடுத்தது. வேலை நேரம் குறையாதிருந்தால் மைதானத்தில் பந்து இருந்திருக்கும், சுற்றிலும் ஆள் இருந்திருக்காது.

வெளிநாடுகளிலும் பெரிய ஆட்டத்தின் வாசலில் போக்குவரத்து நின்றிருக்கிறது. 2014 உலகக் கோப்பை ஜூன் 12 அன்று சாவோ பாவ்லோவில் தொடங்க இருந்தது. ஜூன் 5 முதல் அந்நகர மெட்ரோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். இட்டாக்கெரா அரங்கத்துக்குப் போக மெட்ரோதான் முக்கிய வழி. தொழிலாளர் கேட்டது 12.2 சதவீத உயர்வு. தொழிலாளர் நீதிமன்றம் 8.7 சதவீதத்தை நிர்ணயித்து, வேலைநிறுத்தம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அபராதமும் விதித்தது. காவல்துறை கண்ணீர்ப் புகை வீசியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். தொடக்க ஆட்டத்துக்கு மெட்ரோ ஓடியது. அரங்கங்களுக்குக் கோடிகளைக் கொட்டிய நாட்டில், ரசிகரை அரங்கத்துக்கு ஏற்றிச் செல்பவர் கூலி கேட்டால் ஒழுங்கு நடவடிக்கை. 2016இல் பிரான்ஸ் ஐரோப்பியக் கோப்பையை நடத்தியபோது, தொடக்க நாளான ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து அரங்கத்துக்குப் போகும் புறநகர் ரயில்கள் வேலைநிறுத்தத்தில் சிக்கின. ஆட்டம் நின்றதா? நிற்கவில்லை.

இத்தாலி வேறொரு வழியைப் பிடித்தது. 1990ஆம் ஆண்டின் 146ஆம் எண் சட்டம், அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யாமல் அதற்கு வரம்பு கட்டியது: முன்னறிவிப்பு கட்டாயம், காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் நேரங்களில் வண்டி ஓடியே தீர வேண்டும், கண்காணிக்கத் தனி ஆணையம். குறைபாடுகள் அதிலும் உண்டு. இரவு ஆட்டம் முடிந்து திரும்புபவர் பெரும்பாலும் அந்தப் பாதுகாக்கப்பட்ட நேரத்துக்கு வெளியே விழுந்துவிடுவார். ஆனாலும் எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பது பயணிக்கு முன்கூட்டியே தெரிகிறது.

இந்தியச் சட்டத்திலும் முன்னறிவிப்பு இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 22ஆம் பிரிவு, பொதுப் பயன்பாட்டுச் சேவையில் அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் இதே நிபந்தனையை எல்லாத் தொழில்களுக்கும் நீட்டிவிட்டது. அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதுதான் கோளாறு. அது நிர்வாகத்துக்குப் போகிறது, தொழிலாளர் துறைக்குப் போகிறது. டிக்கெட் வாங்கியவருக்குப் போவதில்லை. இரண்டு வாரம் ஒரு மேசையில் தூங்கிவிட்டு, கடைசி மாலையில் தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டையில் விழித்துக்கொள்கிறது. தொழிலாளிக்கு விதித்த பதினான்கு நாள் பொறுமையை அரசும் கழகமும் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பல் அந்தச் சட்டத்தில் பலவீனமாகவே இருக்கிறது.

ஆட்டம் நடத்துபவர் பெரும்பாலும் கண்டனத்துக்குத் தப்பிவிடுகிறார். நேரத்தை அவர்தான் வைக்கிறார். அதுவும் தொலைக்காட்சிக்கு ஏற்ற நேரம். டிக்கெட் பணம் அவருக்குத்தான் போகிறது. அந்தப் பதினான்கு நாளில் ஆட்ட நேரத்தை முன்னால் தள்ளலாம். வர முடியாதவருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது அடுத்த ஆட்டத்துக்கு அதே சீட்டை ஏற்கலாம். தெற்கு ரயில்வேயிடம் இரவில் கூடுதல் பெட்டி கேட்கலாம். 2023இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டச் சீட்டிலேயே மெட்ரோ பயணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிரிக்கெட்டுக்குச் சாத்தியப்பட்ட ஏற்பாடு கால்பந்துக்குக் கிடையாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. மாவட்ட அளவில் செய்ய வேண்டியது இன்னும் சிறிது: மாலை ஆட்டம் வைப்பவர், மைதானத்துக்கு அனுமதி கேட்கும்போதே பேருந்துக் கழகத்தின் திருநெல்வேலிக் கோட்டத்திடம் கடைசி வண்டியை ஆட்டம் முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும், ஏரல், திருச்செந்தூர், வேம்பாறு வழித்தடங்களுக்காவது. அந்த வண்டியை இரவு பத்தரைக்கு ஓட்டிப்போகும் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் கூடுதல் நேர ஊதியம் யார் கணக்கில் என்பதும் அந்த மனுவிலேயே எழுதப்பட வேண்டும்.