தொழிற்சங்கமும் சட்டசபையும்



"தொழிற்சங்கம் கூலி உயர்வு கேட்கட்டும், அதற்கு அரசியல் எதற்கு?" என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். ஆலைகளிலும் தோல் பதனிடும் கூடங்களிலும் உழைப்பவர்கள் அவர்கள். ஆதலின் அவ்வினாவை நாம் தள்ளிவிட இயலாது.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. 1920இல் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் கதவடைப்புச் செய்ததோடு நில்லாமல், சங்கத் தலைவர் பி. பி. வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. ஆலை வாயிலில் எத்தனை ஆயிரம்பேர் திரண்டாலும் அத்தடையை நீக்க இயலுமோ? சட்டம் மாறினாலன்றி இயலாது. அது மாறுமிடம் சட்டசபை. தொழிலாளர் பிரதிநிதியாக மத்திய சட்டசபையில் அமர்ந்திருந்த என். எம். ஜோஷி 1921இல் அங்கே தீர்மானம் கொணர்ந்தார். 1926இல்தான் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

நமக்கோ இதில் மற்றொரு கணக்கும் உண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லாதிருந்தது. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டியிருந்தது. நம்மவர் தொட்ட நூல் தீட்டென்றனர்! கூலி மிகுதியாகக் கிடைத்ததும் அப்பிரிவிலேதான். இது முதலாளி மட்டும் இழைத்த அநீதியன்று, உடனுழைப்பவரும் இழைத்தது. 1928 பெருவேலைநிறுத்தத்தின்போது, எல்லாப் பிரிவுகளிலும் நம்மவருக்கு வேலை என்பதையும் கோரிக்கைகளில் சேர்க்குமாறு டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார்.

அவரே 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1938இல் பம்பாய் மாகாண அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொணர்ந்தது. சமரச நடவடிக்கை முடியுமுன் வேலைநிறுத்தம் செய்வது குற்றமென்றது அது. சபைக்குள்ளே அம்பேத்கர் எதிர்த்துப் பேசினார். வெளியே நவம்பர் 7ஆம் நாள் பொதுவுடைமையாளரோடு இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். மசோதா நிறைவேறியே விட்டது. தோல்விதான், மறைப்பானேன்? ஆயினும் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலைநேரம், 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 48 மணியாயிற்று.

அரசியல் பணிக்குத் தனி நிதி வேண்டும், விரும்பாத உறுப்பினரை அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1926ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. சந்தா செலுத்தும் இளைஞர்கள் இதைக் கேட்டறிதல் வேண்டும். நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தம் ரசீதை நம்மிடம் காட்டினார். அதில் இரண்டும் ஒரே தொகையாகவே எழுதப்பட்டிருந்தன.