இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு சேலையும் உயிர் காக்கும்

(சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1958, 1977, 1983 கலவரங்களில் வீடு வாசலை இழந்த நம் சொந்தங்கள் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் நமக்கு உறவு உண்டு. கலியாணம், கருமாதி என்றால் ஏ-9 கண்டி வீதியில்தான் போகிறோம். இரவில் மாடுகள் குறுக்கே வரும் பாதை அது. அதனால்தான் இந்தப் பேச்சு.

இடுப்பெலும்பு ஒரு வளையம். 100 எலும்பு முறிவில் சுமார் 3 தான் இந்த இடத்தில் ஏற்படும். வாகனம் வேகமாக மோதினால் இந்த வளையம் உடைந்து விரிந்துவிடும். வெளியே காயம் தெரியாமலே உள்ளே லீட்டர் கணக்கில் இரத்தம் கசியும்.

"ஒண்ணுமில்ல அண்ணே, எழும்பி நடங்க" என்று கையைப் பிடித்து இழுக்காதீங்க. உட்கார வைக்காதீங்க, புரட்டாதீங்க. ஒரு சேலையை அகலமாக மடித்து, வயிற்றில் அல்ல, அதற்குக் கீழே தொடையெலும்பு பக்கவாட்டில் புடைத்து நிற்கும் இடத்தில் சுற்றி இறுக்கிக் கட்டுங்க. முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்க. குடிக்க ஒன்றும் கொடுக்காதீங்க. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணுங்க. 2018 முதல் வடக்கிலும் ஓடும் இந்த அம்புலன்ஸ் இலவசம்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை இரத்தப்போக்கை நிறுத்துவது. இரத்தம் ஏற்றி, எலும்பில் கம்பி செலுத்தி, வெளியே ஒரு சட்டத்தால் வளையத்தை மூடிப் பிடிப்பார்கள. ஆள் தேறிய பின் சீ.ரி. ஸ்கான் பார்த்து, முன்பக்கம் தகடும் பின்பக்கம் நீண்ட திருகாணியும் பூட்டுவார்கள்.

தொடையெலும்பின் உருண்டை பொருந்தும் கிண்ணம் உடைவது இன்னும் அரிது. பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் ஜூடே, லெதூர்னெல் 1964 இல் அம்முறிவுகளை வகைப்படுத்தினார்கள். இன்றும் அதுவே வழக்கில் இருக்கிறது. இதற்கான ஒப்பரேசனை இரண்டு கிழமைக்குள் செய்வது நல்லது. பிந்தினால் எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கும்.

ஆகவே, இந்த முறிவுக்குப் புக்கை கட்டி நாளைக் கடத்தாதீங்க. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் மறுக்காதீங்க. சிறுநீர் போகாவிட்டாலோ, அதில் இரத்தம் வந்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

வீடு வந்த பிறகும் 6 முதல் 12 கிழமை வரை அந்தக் காலை ஊன்ற முடியாது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இது நடந்தால், தண்ணி எடுப்பதும் விறகு சுமப்பதும் வீட்டிலுள்ள ஆண்களின் வேலை.

ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேராவது சேலை கட்டும் முறையைப் பழகி வைப்போம்.