கல்பேனியில் ஒரு பகல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். பயணம் என்றதும் இமயத்தில் தொடங்கி இலண்டன் வரையில் இழுத்துச் சென்றுவிடுவார்களோ என்று முன்வரிசையிலுள்ளோர் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது எங்களுக்குத் தெரிகிறது. அஞ்ச வேண்டா. கொச்சியிற் கப்பலேறி ஓரிரவு உறங்கி எழுந்தால் எட்டிவிடக்கூடிய இலட்சத்தீவுக் கூட்டத்துள் ஒன்றாகிய கல்பேனி வரையில்தான் உங்களை அழைத்துச் செல்லப் போகிறோம். அங்கு நாங்கள் தங்கியது ஒரே ஒரு பகற்பொழுது. அதிலும் முற்பாதி மழையிற் கழிந்தது.

நம்முள் மிக முதியோர் 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளை மறந்திருக்க மாட்டார்கள். அன்றுதான் கேரள மாநிலம் பிறந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் இருந்த நாம் இங்கேயே இருந்துவிட்டோம். அதே நாளில், அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களோடு இணைந்திருந்த இத்தீவுகளும் பிரிக்கப்பட்டு நடுவணரசின் ஆட்சிப் பகுதியாயின. கல்பேனித் தீவினரும் மயிலாப்பூர்வாசியும் அந்நாள் வரை ஒரே தலைமைச் செயலகத்திற்கு மனு எழுதியவர்கள் என்பதை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து 1964-இற் கவரத்தித் தீவுக்கு மாறிற்று. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973-இல் வந்தது. பெயர்தான் இலட்சம், எண்ணினால் 36 தீவுகள், அவற்றுள் மக்கள் வாழ்வன 10. நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 32 சதுரக் கிலோமீட்டர். நம் திருவனந்தபுரம் மாநகராட்சியின் பரப்பில் ஆறில் ஒரு பங்கும் ஆகாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 64,000 பேர்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நம் காலனிக் குடும்பங்களிலிருந்து 23 பேர் புறப்பட்டோம். தீவில் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பெற அலைந்த கதை வேறொரு சொற்பொழிவுக்கு ஆகும். விசாகப்பட்டினத்திற் கட்டப்பெற்று, 700 பேரை ஏற்றிச் செல்லவல்ல 'கவரத்தி' என்னும் கப்பலில் ஏறினோம். கரமனையிலிருந்து கட்டிக் கொண்டுபோன புளியோதரைப் பொட்டலங்களை அவிழ்ப்பதற்கும் கடல் அசையத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. பாதிப்பேர் அன்றிரவு உண்ணவில்லை. உண்ட பாதிப்பேரைப் பற்றிக் கூறாதிருப்பதே நாகரிகம்.

விடியற்காலையில் மேல்தளத்திற்கு ஏறிப் பார்த்தோம். தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல ஒரு திரை தொங்கிற்று. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலவில்லை. பெருமழை. பவளத் திட்டுகள் சூழ்ந்த தீவாதலால் பெரிய கப்பல் கரையை அணுகாது. சற்றுத் தொலைவில் நின்று, சிறு விசைப்படகுகளில் மக்களை இறக்கும். அப்படகுகள் அலையில் ஏறி இறங்கும் காட்சியைக் கண்டதும் எங்கள் கூட்டத்தார்க்கு வயிறு கலங்கிற்று. இறங்குவது தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர். உடனே பயண ஏற்பாட்டாளராகிய எங்கள்மீது பழி விழுந்தது. டிசம்பரில் மழை பெய்யும் என்பது தெரியாதா என்றார் ஒருவர். "இந்த மழையைப் பார்க்க எங்கள் வீட்டுத் திண்ணை போதாதா?" என்று கேட்டார் ஓர் அம்மையார். இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆண்டில் இரு முறை நனைக்கும் ஊரிலிருந்து பணம் கட்டி மழை பார்க்க வந்தோம் என்பது உண்மையாகவே நகைப்புக்கு இடமானதுதான். கப்பலிலேயே இருந்துவிடுவோம் என்னும் தீர்மானம் ஏறக்குறைய நிறைவேறிவிட்டது.

அப்போது எங்களுள் ஒருவர் மட்டும் நனைந்தபடியே கைப்பிடிக் கம்பியருகில் நின்றிருந்தார். காலனி முழுவதும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கும். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம். தூத்தூருக்கு அருகே கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, படித்து, திருவனந்தபுரத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் திரும்பி, "மேகத்துக்கு அடிப்பாகம் தெரியத் தொடங்கிவிட்டது, ஒன்பது மணிக்குள் வெளுக்கும், எல்லாரும் இறங்குங்கள்" என்றார். அவருடைய தந்தையார் கட்டுமரத்திற் சென்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் அண்ணாச்சி அதுவரை கடலைப் பற்றி ஒரு சொல்லும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அவர் கூறியதற்கு அறிவியற் காரணமும் உண்டு. நிலத்தின்மீது மழை பெரும்பாலும் வெயில் ஏறிய பிற்பகலிற் பெய்கிறது. திறந்த கடலின்மீதோ நள்ளிரவுக்குப் பின்னும் விடியலிலுமே மிகுதியாகப் பெய்கிறது. நம் ஊரில் கிழக்கே அகத்தியமலை நின்று மேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கல்பேனியில் மலையேது? கடல்மட்டத்திற்கு மேல் ஒரு சில மீட்டரே உயர்ந்த மணற்றிட்டு அது. மேகம் தன் வழியே வந்து தன் வழியே போகும். பற்றிக்கொள்ள அங்கு ஒன்றுமில்லை.

இறங்கினோம். படகோட்டும் தீவுப் பிள்ளைகள் அலை உயரும் கணம் பார்த்துக் கையைப் பற்றி இழுத்துக்கொண்ட திறமையைப் பாராட்டாமலிருக்க முடியாது. 74 வயது மூதாட்டியார் ஒருவரைப் பூக்கூடையைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்கினர். அவர்கள் பேச்சு மலையாளமே எனினும் செவிக்குப் புதுமையாக இருந்தது. 'போடா' என்பது அவர்கள் வாயில் 'ஃபோடா' ஆகிறது, சட்டி 'ஷட்டி'யாகிறது. ஜெசரி என்று அம்மொழிக்குப் பெயர். மினிக்காய்த் தீவில் மட்டும் மாலத்தீவு மொழியின் கிளையாகிய மஹல் வழங்குகிறது. நம் சாலைக் கடைத்தெருவில் விற்கும் மாசிக் கருவாட்டுக்கு அத்தீவும் பேர்போனது.

கரையில் எங்களை ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கச் செய்தனர். நாங்கள் மழையை நொந்துகொண்டிருக்க, அவ்வீட்டுப் பெரியவர் கூரைநீர் குழாய் வழியே தொட்டியில் விழும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து நின்றார். அதன் பொருள் பிறகுதான் விளங்கிற்று. அத்தீவில் ஆறில்லை, குளிர்ந்த சுனையில்லை. பெய்யும் மழை பவள மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, அதனால் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீட்டர் பெய்யும் மழையே அவர்களுடைய காவிரியும் தாமிரபரணியும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டிற் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் ஒன்றை அமைத்தனர். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து ஏற்றும் குளிர்நீரால் அவ்வாவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை அது. தமிழ் நிலத்திலிருந்து சென்ற அந்த நீரைப் பற்றிக் கேட்டபோது எங்களுக்குச் சிறிது பெருமிதம் உண்டாயிற்று. ஆயினும் திண்ணை மேலென்று பேசிய அம்மையார், அதன்பின் மழையைக் குறை கூறவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.

ஒன்பது மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் மழை நின்றது. நின்ற விதத்தை எப்படிச் சொல்வது? விளக்கைத் தூண்டினாற்போல் மேற்கே கடற்கழியின் ஓர் ஓரம் வெளுத்தது. வெளுப்பு நம்மை நோக்கி நடந்து வந்தது. ஈயமாகக் கிடந்த நீர் கரையோரத்தில் இளநீர் வழுக்கையின் நிறம் கொண்டு, அப்பால் கிளிப்பச்சையாகி, அதற்கப்பால் மயிற்கழுத்தின் நீலமாயிற்று. குழந்தைகள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் நீரில் இறங்கிவிட்டனர். வேட்டியை மடித்துக் கட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் இறங்கினார். பெயர் சொல்ல மாட்டோம், அவர் இந்த அவையில் இருக்கிறார்.

வானத்தின் நிறமே கடலிற் பிரதிபலிக்கிறது என்று முன்னாளில் அறிஞர் கருதினர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' என்னும் கப்பலிற் திரும்புகையில், ஒரு சிறு படிகக் கருவியைக் கொண்டு மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் கண்டார். கப்பற் பயணத்தில் நாம் புளியோதரை உண்கிறோம். அவர் நோபெல் பரிசுக்கு வழி தேடினார்.

பிற்பகலில் தீவின் கிழக்குக் கரைக்கு நடந்தோம். அங்கே பவளக் கற்கள் மதில்போற் குவிந்து கிடக்கின்றன. 1847-ஆம் ஆண்டின் பெரும்புயலில் கடல் வாரி எறிந்தவை அவை என்பர். கற்குவியலருகே அண்ணாச்சி அமர்ந்துவிட்டார். வெயில் அருமையாக இருந்தது. வாருங்கள் என்று அழைத்தோம். அப்போதுதான் அவர் வந்த காரணத்தைக் கூறினார்.

அன்பர்களே, ஒக்கிப் புயலை உங்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் அது புயலாக மாறிற்று. பூந்துறை, விழிஞம் முதல் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் வரையில் எத்தனையோ வீடுகளில் ஆண்மக்கள் அப்போது கடலில் இருந்தனர். தூத்தூர்ப் பகுதியினர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் தேடுவோர். எச்சரிக்கை எட்டுமுன் அவர்கள் தொலைவு சென்றிருந்தனர். டிசம்பர் 2-ஆம் நாள் புயல் இத்தீவுகளைக் கடந்தது. கல்பேனியும் மினிக்காயும் கடுமையாக அடிபட்டன. கரை சேர்ந்தோருட் பலர் இலட்சத்தீவுகளில் ஒதுங்கிப் பிழைத்தவர்கள்.

அண்ணாச்சியின் தம்பி மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உதவித் தொகை வந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் தாய், அவன் ஏதோ ஒரு தீவில் இருக்கிறான், மொழி தெரியாமல், வழி தெரியாமல் தங்கிவிட்டான் என்றே ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வழிபாடும் செய்யவிடவில்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காகவே அண்ணாச்சி எங்களோடு வந்திருக்கிறார். நாங்கள் அவரை இன்பப் பயணத்திற்கு வற்புறுத்தி அழைத்து வந்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தோம்.

காலையில் தாழ்வாரம் தந்த பெரியவரிடமே அவரை அழைத்துச் சென்றோம். அண்ணாச்சி படத்தை எடுத்துக் காட்டி, மலையாளத்திற் கேட்டார். பெரியவர் படத்தை வெயிற்படப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்த டிசம்பரில் இத்தீவுகளில் ஒதுங்கியோர்க்கு உடையும் கஞ்சியும் கொடுத்ததையும், பள்ளிக்கூடங்களில் படுக்க இடம் தந்ததையும் சொன்னார். பின்பு, வந்தவர் ஒவ்வொருவரும் பெயர் எழுதப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டுவிட்டனர், "இவ்வளவு சிறிய தீவில் ஒருவர் தங்கினால் எங்களுக்குத் தெரியாமற் போகாது, எவரும் தங்கவில்லை" என்றார். அண்ணாச்சி அதை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பெரியவரும் சொன்னார். இருவரும் கண்கலங்கவில்லை, எங்களால் அப்படி இருக்க முடியவில்லை.

புறப்படும்போது அவ்வீட்டு அம்மையார், தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் தீவுச் சர்க்கரையை ஒரு புட்டியில் நிரப்பி, பிள்ளையின் தாய்க்கென்று கொடுத்தனுப்பினார். கப்பல் நகர்ந்தபோது தீவு மாலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு தென்னையையும் எண்ணலாம் போலிருந்தது.

ஊர் திரும்பிய மறுவாரம் அண்ணாச்சி தம் ஊருக்குச் சென்று வந்தார். என்ன சொன்னீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து அவரே சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தாய் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "கரைக்கு வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தார்களா?" கொடுத்தார்கள் என்றாராம். அடுத்த ஞாயிறு, ஊர்க் கோயிலில் மகனுக்கு வழிபாடு நடந்தது. நம் காலனியிலிருந்து ஒன்பது பேர் சென்றிருந்தோம்.

மீண்டும் ஒரு தீவுப் பயணத்திற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரைக் காணலாம். அனுமதிச் சீட்டுக்கு நாளாகும். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குடை கொண்டு வாருங்கள். படகில் இறங்கும்போது மட்டும் அதை விரிக்க வேண்டா.