ரன் என்ற சொல்லுக்கு 645 பொருளா?

கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு ‘ரன் அவுட்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதே இரண்டு சொற்களை ஆங்கிலேயர் பால் தீர்ந்துபோனாலும் சொல்வார், ஒருவர் வீட்டைவிட்டு வெளியே ஓடினாலும் சொல்வார், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சொல்வார். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. ‘ரன் அப்’ என்றால் கடனை ஏற்றிக்கொள்வது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரே வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. இந்த எண்களைக் கேட்டதும் கற்கவே முடியாத மொழி என்று மலைத்துப் போகிறவர்கள் உண்டு. அந்த மலைப்புக்கு அவசியமில்லை என்பது என் கட்சி.

645 என்பது அகராதிக்காரரின் கணக்கு. பிரிப்பதுதான் அவர் தொழில். ஆறு ஓடுவதற்கு ஓர் எண், மூக்கு ஒழுகுவதற்கு ஓர் எண், துணியில் சாயம் போவதற்கு இன்னோர் எண் என்று போட்டுக்கொண்டே போவார். பேசுகிறவர் மனத்தில் மூன்றும் ஒரே நீரோட்டம். நம் ‘ஓடு’ மட்டும் என்னவாம்? கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடை ஏதோ ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லையே. தமிழில் வண்டி ஓடும், ஓட்டுநர் அதை ஓட்டுவார். தன்வினைக்கு ஒரு வடிவம், பிறவினைக்கு ஒரு வடிவம். பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச் செய்வதற்கு வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. அதனால்தான் பேருந்து ஓடுவதும் ‘ரன்’, அதை ஒரு நிறுவனம் இயக்குவதும் ‘ரன்’, ஓட்டல் நடத்துவதும் ‘ரன்’. இயந்திரமும் ரயிலும் பெருகப் பெருக இந்தக் கிளை இன்னும் படர்ந்தது; கணினி நிரல் வரை வந்துவிட்டது. தேர்தலில் அமெரிக்கர் ‘ஓடுகிறார்’, பிரிட்டன்காரர் ‘நிற்கிறார்’. இந்த விஷயத்தில் நாம் பிரிட்டன் பக்கம்.

தனி வினை போகட்டும், பின்னால் ஒட்டும் சிறு சொல்தானே தொல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டார் மிகவும் திணறுவது இந்த இடத்தில்தான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வினையும் சிறு சொல்லும் சேர்ந்த இந்த வகைக்கு ‘பிரேசல் வெர்ப்’ என்ற பெயர்கூட அப்போது கிடையாது. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலுக்குப் பிறகுதான் அது பரவியது. ஆனால் அந்தச் சிறு சொல்லுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘பர்ன் அவுட்’ எரிந்து தீர்வது, ‘வேர் அவுட்’ தேய்ந்து தீர்வது, ‘செல் அவுட்’ விற்றுத் தீர்வது, ‘டை அவுட்’ இனமே அழிந்துபோவது. எல்லாவற்றிலும் ‘அவுட்’ சொல்லும் சேதி ஒன்றுதான்: மிச்சம் இல்லை. நமக்கு அந்த வேலையைத் துணைவினை செய்கிறது. ‘தீர்ந்து போயிற்று’ என்பதில் யாரும் எங்கும் போகவில்லை. அந்தச் சிறு சொல்லின் இடம் மாறினாலும் கவனிக்க வேண்டும். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஒருவர் மேல் ஏறிவிட்டது. ‘ஓவர்ரன்’ என்றால் படை ஒரு நாட்டுக்குள் பரவிவிட்டது, அல்லது நிகழ்ச்சி நேரத்தைத் தாண்டிவிட்டது. வானொலியில் பேசுகிறவர்கள் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

இந்த ஒழுங்குக்கு அடங்காதவையும் உண்டு. ‘ரன் டவுன்’ என்பது பேட்டரி தீர்வதையும் சொல்லும், கார் ஒருவரை மோதி வீழ்த்துவதையும் சொல்லும், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதையும் சொல்லும், தேடி அலைந்து பிடிப்பதையும் சொல்லும். முதல் மூன்றில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது தெரிகிறது. நான்காவது முரண்டு பிடிக்கிறது. எந்த விதியை வைத்தும் இவற்றை முன்கூட்டி ஊகிக்க முடியாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால், காரணம் புலப்படுவது மனத்தில் தங்கும். கற்பவருக்கு வேண்டியது அதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, ‘புட் ஆஃப்’ என்பதற்குப் பதில் ‘போஸ்ட்போன்’ என்றும், ‘புட் அப் வித்’ என்பதற்குப் பதில் ‘டாலரேட்’ என்றும் சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். லத்தீன் வழி வந்த இந்தச் சொற்கள்தான் நம் பாடப்புத்தக ஆங்கிலத்தின் முதுகெலும்பு. அலுவலகக் கடிதத்துக்கு அவை பொருத்தமும்கூட. ஆனால் நாம் பேசும் சொல்லைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். எதிரே இருப்பவர் பேசும் சொல் அவர் கையில் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியான ஒரு மருத்துவர், வாந்தி எடுத்தீர்களா என்பதை ‘த்ரோ அப்’ என்று போட்டுக் கேட்கக்கூடும். எதையாவது மேலே தூக்கி எறிந்தீர்களா என்று கேட்பதாக நோயாளி எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொன்னால், மருந்துச் சீட்டும் அந்த ‘இல்லை’யை நம்பித்தான் எழுதப்படும்.