சாவி யார் கையில்?



சாலைப் பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் ஸ்கூட்டர் சாவியைப் பற்றி மட்டும்.

"பக்கத்துக் கடைதானே, பால் வாங்கிட்டு வந்துடுவான்" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கொடுக்கிறோம். அவன் நன்றாகவே ஓட்டலாம். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே நாய் ஓடிவந்தால், பிரேக்கில் கை வைப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும்.

சட்டமும் கடுமையானது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

"16 வயதிலேயே லைசென்ஸ் உண்டே" என்பீர்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான். நம் பார்க்கிங்கில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல்.

பார்க்கிங்கிலும் ஓட்டிப் பழக்காதீர்கள். தூண் மறைவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். கடைக்குச் சைக்கிள் போதும். 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுத்து, நீங்களே உடனிருந்து பழக்குங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளை ஓட்டினாலும் பெற்றோரிடம் சொல்லுங்கள். சொன்னவர்மேல் யாரும் வருத்தப்படாதீர்கள்.